டொப்ளரில் ஆர்.ஐ. 0.84: நிராகரிப்பா?

இல்லை. டொப்ளர் (இரத்த ஓட்டம் பார்க்கிற ஸ்கான்) அறிக்கையில ஆர்.ஐ. (இரத்த ஓட்டத்துக்கு இருக்கிற தடையைக் காட்டுற எண்) 0.84 என்று வந்திருக்கு, இது நிராகரிப்பா என்று கேட்டியள். அந்த ஒரு எண்ணை மட்டும் வைச்சு, அப்பாவின்ர மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்குது என்று சொல்லேலாது. 0.8இற்கு மேலே போனால் இரத்தம் உள்ளே ஓடத் தடை கூடியிருக்கு என்று அர்த்தம். ஏன் என்று அது சொல்லாது.

சலப்பை நிரம்பியிருந்தது, சிறுநீரகத்தில லேசான வீக்கம் என்றும் அறிக்கையில இருக்கு என்றியள். என்ர முதல் சந்தேகம் அதிலதான். பொருத்தின சிறுநீரகம் அடிவயிற்றில தோலுக்குக் கிட்ட இருக்கு. பை முட்டினாலும், ஸ்கான் கருவியை அழுத்திப் பிடிச்சாலும் ஆர்.ஐ. ஏறும்.

1. சலம் முழுக்கப் போனபிறகு திரும்ப ஸ்கான் எடுக்கேலுமோ என்று டொக்டரிட்டக் கேளுங்கோ. வீக்கம் வத்தாட்டி சலக்குழாய் அடைப்பைத் தேட வேணும்; அதுக்கு ரெனோகிராம் (சிறுநீரகத்தில இருந்து சலம் வடியிறதைக் காட்டுற ஸ்கான்) உதவும்.

2. டாக்ரோலிமஸ் (நிராகரிப்பைத் தடுக்கிற மருந்து) இரத்தத்தில எவ்வளவு இருக்கு என்று பார்க்க, காலைக் குளிசை போட முதலே இரத்தம் குடுங்கோ. போட்டிட்டுக் குடுத்தால் அளவு கூடக் காட்டும், பிழையா மருந்தைக் குறைச்சுப்போடுவினம்.

ஸ்கான் வடிவா வந்தாலும் நிராகரிப்பு இல்லை என்று ஆகாது. கிரியேட்டினின் (சிறுநீரகம் வேலை செய்யிறது குறைஞ்சால் இரத்தத்தில ஏறுற கழிவு) 1.2இல இருந்து 1.7 ஆகியிருக்கு, பயொப்சி (சிறுநீரகத்தில சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கிறது) செய்யவேணும் என்றால் தள்ளிப்போடாதேங்கோ. காய்ச்சல், சலம் குறைவு, பொருத்தின இடத்தில நோ வந்தால் கிளினிக் நாள் பாராமல் உடனே கொண்டுபோங்கோ. நோவுக்கு டைக்குளோபெனக் குடுக்கவே வேண்டாம்.