வரைபடத்தில் ரோடு, நேரில் சுவர்: வேலூரில் மனை வாங்குமுன்

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். பிள்ளைகளின் படிப்புக்காக வேலூருக்கு மாறலாம் என்று அரியூர் பக்கம் ஒரு மனை பார்த்தோம். லேஅவுட் படத்தில் 23 அடி ரோடு நேராக மெயின் ரோட்டில் சேர்கிறது. நேரில் போனால் பக்கத்து நிலத்துக் காம்பவுண்டு சுவரில் முட்டி நிற்கிறது. “சீக்கிரம் திறந்துவிடுவார்கள்” என்கிறார் புரோக்கர். நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள்.

வேலூரின் புறப்பகுதிகளில் இது புதிதல்ல. ஒருவர் தனக்குச் சொந்தமான நிலத்தைத்தான் மனையாகப் பிரிக்க முடியும்; அவர் போடும் ரோடும் அந்த வரப்போடு முடிந்துவிடும். பக்கத்து நிலத்துக்காரர் சில வருஷம் கழித்துப் பிரிக்கும்போது, தனக்கு மனை அதிகம் விழுகிற மாதிரி ரோட்டை வேறு பக்கம் திருப்பிவிடுவார். நடுவில் ஏரிக் கால்வாய் குறுக்கிட்டால் இன்னும் சிக்கல். வேலூர் மாநகராட்சியானது 2008-ல். சுற்றியுள்ள பல ஊர்கள் அதில் சேர்ந்தது அதற்கும் பிறகுதான். அதனால் இந்தத் துண்டுகளை இணைத்துப் பார்க்க வெகுகாலம் ஆளில்லை. சத்துவாச்சாரி வீட்டுவசதி வாரியப் பகுதியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள், ஒரே கை பிரித்த தெருக்கள் எப்படி இருக்கும் என்று தெரியும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. புரோக்கர் தந்த கலர் படத்தை ஓரமாக வையுங்கள். ஒப்புதல் எண்ணை வாங்கி, நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் முத்திரையிட்ட வரைபடத்தைப் பாருங்கள். ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவுக்கு ஏதோ ஒரு பொதுச் சாலையிலிருந்து வழி காட்டியிருக்க வேண்டும். அது இந்தச் சுவர் வழியா, வேறு வழியா என்று பாருங்கள்.

அடுத்தது, சுவர் நிற்கிற துண்டு யாருடையது என்பது. என்னைக் கேட்டால் முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. அந்த சர்வே எண்ணுக்குரிய புல வரைபடத்தையும் (நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் படம்) அ-பதிவேட்டையும் (நிலம் எந்த வகை, யாருடையது என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) அரசின் இ-சேவை தளத்தில் எடுத்துப் பாருங்கள். வண்டிப்பாதை புறம்போக்கு என்றிருந்தால் சுவர்தான் ஆக்கிரமிப்பு. அளந்து அகற்றச் சொல்லித் தாசில்தாரிடம் மனு கொடுக்கலாம். கால்வாய் என்றால் சிறுபாலம் கட்ட நீர்வளத்துறையின் அனுமதி வேண்டும். அது எளிதில் வராது. பட்டா நிலம் என்றால் உரிமையாளர் சம்மதிக்காமல் ஒரு அடிகூட உங்களுக்குக் கிடைக்காது. புரோக்கரின் வாய்வார்த்தை அங்கே செல்லாது.

அப்புறம் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். ரோட்டை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அதில் தெரியும். உங்கள் லேஅவுட்டின் உள் ரோடுகளுக்கும் இதே மாதிரி பாருங்கள். தானம் எழுதாத ரோட்டுக்கு நாளை சாக்கடையும் தெருவிளக்கும் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

அது பட்டா நிலமாக இருந்து தானப் பத்திரமும் இல்லையென்றால், அந்த உரிமையாளர் பாதை பாத்தியதையை, அதாவது தன் நிலம் வழியே நீங்கள் போய்வரும் உரிமையை, பதிவு செய்து கொடுத்த பிறகு விலை பேசுங்கள். மாட்டேன் என்றால், இன்றைக்கு லாரியும் ஆம்புலன்சும் வரக்கூடிய வழி எதுவோ அதை மட்டும் கணக்கில் வைத்து விலையைக் குறைத்துக் கேளுங்கள்.