கேள்வி பதில்: கொப்பியில கீறின குகை

போன மாசம் பழைய டன்ஜன் கேம்களை, அதாவது நிலத்துக்குக் கீழ குகைக்குள்ள சுத்தி வழி தேடுற கம்ப்யூட்டர் கேம்களைப் பற்றி நாலு வரி எழுதினன், அதுக்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிப் போட்டுது. சந்தோசம்.

கேள்வி: டன்ஜன் மாஸ்டர் விளையாடத் தொடங்கி மூண்டாவது தட்டு வரைக்கும் இறங்கிட்டன், இப்ப எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே கல்லுச் சுவர், வந்த வழியும் தெரியேல்ல. இன்டர்நெட்ல முழு மேப்பும் கிடக்குது, எடுத்துப் பாக்கலாமா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: எடுக்காதீங்கோ அண்ணா, கெஞ்சிக் கேக்கிறன். இந்தக் கேம் 1987ல எஃப்.டி.எல். எண்ட கம்பெனி அட்டாரி எஸ்.டி. கம்ப்யூட்டருக்குச் செய்தது, அதில தானா மேப் கீறித் தாற வசதியே இல்லை. தொலைஞ்சு போய் வழி கண்டுபிடிக்கிறதுதான் அதில விளையாட்டே, மேப்பை இறக்கிட்டீங்கள் எண்டா மிச்சம் இருக்கிறது வெறும் நடை.

பக்கத்துக் கடையில பிள்ளையள் கணக்குக்கு வாங்குற சதுரக்கோடு போட்ட கொப்பி ஒண்டு வாங்குங்கோ, ஒரு பென்சில், ஒரு அழிறப்பர். கேம்ல ஒருக்கா முன்னுக்கு அமத்தினா ஒரு கட்டம், திரும்பினா சரியா கால்வட்டம், அதால கொப்பியில ஒரு சதுரம் எண்டா அங்க ஒரு கட்டம். வடக்கை எப்பவும் மேல வையுங்கோ, கதவு, குழி, மிதிச்சா அமுங்கிற கல்லு, பூட்டு எல்லாத்துக்கும் உங்களுக்கெண்டு ஒரு குறி வையுங்கோ. எல்லாம் ஒரே மாதிரித் தெரியிற சந்தியில தேவையில்லாத சாமான் ஒண்டை நிலத்தில போட்டுட்டுப் போங்கோ, திரும்பி வரேக்க அது அங்கேயே கிடக்கும். கொஞ்சம் கீறின பிறகு பாருங்கோ, நாலு பக்கமும் பாதை ஓடி நடுவில மட்டும் ஒரு வெள்ளைத் துண்டு மிஞ்சி நிக்கும். அங்க அனேகமா ஒரு ஒளிச்ச அறை இருக்கும், அதைச் சுத்தி இருக்கிற சுவரை ஒவ்வொண்டா உத்துப் பாத்தா சின்னதா ஒரு பட்டன் துருத்திக்கொண்டு நிக்கும், இல்லாட்டி சுவரே பொய்ச் சுவரா இருந்து நேர உள்ளுக்கு நடந்து போகலாம். அந்த நேரம் வாற சந்தோசத்தை ஒருத்தராலயும் உங்களுக்குச் சொல்லித் தரேலாது.

1996ல கொழும்பில மணித்தியாலக் கணக்கா கரண்ட் வெட்டின காலம் ஞாபகம் இருக்கிற ஆக்களுக்கு இது விளங்கும். நான் மச்சானின்ர வீட்டில விளையாடிக்கொண்டிருக்கேக்க டக்கெண்டு கரண்ட் போகும், சேவ் பண்ணாத ஒரு மணித்தியாலமும் அதோட போகும், ஆனா கொப்பி இருக்குது தானே, மெழுகுதிரியைக் கொளுத்தி வைச்சுக்கொண்டு ரெண்டு பேரும் அந்த மேப்பில விரலை வைச்சு நாளைக்கு எந்தக் கதவு, எந்தத் திறப்பு எண்டு கதைச்சுக்கொண்டே இருப்பம், மாமி வந்து திட்டுற வரைக்கும்.

கேள்வி: இந்தக் கேம்கள்ல ஏன் சாதாரணமா நடக்கேலாது? கட்டம் கட்டமா ஏன் குதிக்குது?
— ஏ.எல். மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: நல்ல கேள்வி தம்பி. 1981ல வந்த விசார்ட்ரி எண்ட கேமை எடும், கோர்னெல் பல்கலைக்கழகத்தில படிச்ச அன்ட்ரூ கிரீன்பெர்க், ரொபர்ட் வுட்ஹெட் எண்ட ரெண்டு பேர் ஆப்பிள் டூ கம்ப்யூட்டருக்கு எழுதினது. இப்ப உம்மட ஃபோன்ல ஒரு படம் எடுத்தாலே அந்த மெஷின்ர முழு மெமரியைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதில பத்துத் தட்டு, ஒவ்வொண்டும் 20க்கு 20, அதாவது 400 கட்டம். ஆள் எப்பவும் கட்டத்தின்ர நடுவில நிண்டு நாலு திசையில ஒண்டைத்தான் பாக்கும் எண்டு வைச்சிட்டா, கிட்டச் சுவர், அடுத்த சுவர், தூரச் சுவர் எண்டு கொஞ்சக் கோடுகளைக் கீறினாலே போதும், கண்ணுக்கு ஆழமான பாதை மாதிரித் தெரியும். பேந்து டன்ஜன் மாஸ்டர் கோட்டுக்குப் பதிலா வடிவான கல்லுச் சுவர்ப் படங்களை வைச்சுது, நீர் யோசிச்சுக்கொண்டு நிக்கேக்கயும் மிருகங்கள் நடந்து வாற மாதிரிச் செய்தது, ஆனா கட்டம் மாறேல்ல. 1992ல அல்டிமா அண்டர்வேர்ல்ட் வந்துதான் விரும்பின பக்கம் நடக்க, மேல பாக்க, நீந்தக்கூட விட்டுது. எண்டாலும் எனக்குக் கட்டம்தான் விருப்பம், கொப்பியில கீறலாம் தானே.

கேள்வி: என்ர மகனுக்கு 13 வயசு. இரவில ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு இருட்டுக் குகைக்குள்ள சுத்துற ஒரு கேம் விளையாடுறான், கணக்குக் கொப்பி முழுக்க என்னமோ கட்டம் கட்டமாக் கீறி வைச்சிருக்கிறான். பயமா இருக்குது. நிப்பாட்டவா?
— தாய், தெஹிவளை

பதில்: அக்கா, முதல்ல அந்தக் கொப்பியை வாங்கிப் பாருங்கோ. அவன் கீறினது ஒரு வரைபடம், அளவு பிசகாம, திசை மாறாம, தானே நடந்து பாத்துக் கீறினது. ஹெட்ஃபோனும் காரணத்தோடதான், கதவுக்கு அங்கால நடமாடுற சத்தத்தைக் கேட்டுத்தான் எந்தப் பக்கத்தால வருது எண்டு பிடிக்கிறது. ஒரு கொப்பி தனியா வாங்கிக் குடுங்கோ, கணக்குக் கொப்பி கணக்குக்கு இருக்கட்டும். நித்திரை முக்கியம், அதில விட்டுக் குடுக்காதீங்கோ. நடுவில நிப்பாட்டேலாது எண்டு சொன்னான் எண்டா, இப்பிடியான கனக்கக் கேம்ல எந்த இடத்திலயும் சேவ் பண்ணலாம், டன்ஜன் மாஸ்டர்லயும் ஏலும், அதையும் கேட்டு வையுங்கோ. ஒரு நாள் பக்கத்தில கதிரையைப் போட்டு இருந்து, இது என்ன கதவு எண்டு கேளுங்கோ. அவன் அரை மணித்தியாலம் கதைப்பான்.

கேள்வி: புதுசாத் தொடங்குற ஆளுக்கு எது நல்லம்?
— வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: லெஜண்ட் ஒஃப் கிரிம்ரொக். 2012ல ஃபின்லாந்துக் கம்பெனி ஒண்டு பழைய முறையிலயே செய்தது, இப்பத்தைய லாப்டொப்ல கரைச்சல் இல்லாம ஓடும். மலை உச்சியில இருந்து நாலு கைதியளைக் குகைக்குள்ள தள்ளி விடுறாங்கள், அவையைக் கீழ வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது உங்கட வேலை. தொடங்கேக்கயே மேப் இல்லாத முறையைத் தெரிவு செய்யலாம், கொப்பி வாங்கிட்டீங்கள் எண்டா அதையே எடுங்கோ. அது பிடிச்சுதெண்டா பேந்து டொஸ்பொக்ஸ் (பழைய கேம்களை இப்பத்தைய கம்ப்யூட்டர்ல ஓட விடுற புரோகிராம்) போட்டு 1991ல வந்த ஐ ஒஃப் த பிஹோல்டர்.

கேள்வி: டன்ஜன் மாஸ்டர்ல பேய் ஒண்டு வருது, வாளால எத்தினை தரம் வெட்டினாலும் ஒண்டும் நடக்குதில்லை. கேம் பிழையா?
— வாசகர், மட்டக்குளி

பதில்: கேம் சரி. உடம்பில்லாததுக்குச் சாதாரண வாள் படாது. இந்தக் கேம்ல மந்திரம் விடுறது எழுத்துகளை அமத்தித்தான், முதல்ல எவ்வளவு பலம் எண்டதுக்கு ஒரு எழுத்து, பிறகு டெஸ், ஈவ் எண்ட ரெண்டு எழுத்தையும் அமத்தி மந்திரத்தை விடுங்கோ. வோர்பல் பிளேட் எண்ட வாள் கிடைச்சிருந்தா அதில டிஸ்ரப்ட் எண்டு ஒரு அடி இருக்கு, அதுவும் படும். மந்திரம் முதல்ல பிழைக்கும், சின்னப் பலத்தில திரும்பத் திரும்ப விட்டுப் பழக்கினா கை வரும். அதுவரைக்கும் பேய் நிக்கிற கட்டத்தைக் கொப்பியில குறிச்சு வைச்சிட்டு மற்றப் பக்கத்தால போங்கோ.