கைநாட்டும் கையெழுத்தும்

அன்புள்ள ஐயா,

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. மாலை வகுப்புக்கு 14 பேர் வந்த இடத்தில் இப்போது ஐந்து பேர்தான் வருகிறார்கள். எல்லோரும் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். குழந்தைகளுக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தும் மனத்தில் நிற்பதில்லை. ஆர்வம் வரட்டும் என்று முதல் வாரத்திலேயே அனைவருக்கும் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்துவிட்டேன். பரிசு கொடுத்தால் தொடர்ந்து வருவார்களா?

அன்புள்ள தம்பிக்கு,

சம்பளம் இல்லாத வேலைக்கு உங்கள் மாலைப் பொழுதைக் கொடுக்கிறீர்கள். நெஞ்சார வாழ்த்துகிறேன். ஆனால் "குழந்தைகளுக்குச் சொல்வதுபோல" என்ற நினைப்பை இன்றோடு விட்டுவிடுங்கள். வயலைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை முடி நாற்று வேண்டும் என்று சொல்லக்கூடியவர், இருபது பேரின் சீட்டுக் கணக்கை மனத்திலேயே வைத்திருப்பவர் உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறார். மனத்தில் நிற்கவில்லை என்கிறீர்களே, கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்டீர்களா? நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிப்பவருக்கு முதலில் கண்ணாடிக்கு வழி செய்யுங்கள்; அதுவரை கரும்பலகையில் சாண் உயரத்துக்கு எழுதுங்கள். பரிசெல்லாம் வேண்டாம்.

என்னை உறங்கவிடாமல் செய்தது அந்தக் கையெழுத்து விஷயம்தான்.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எனக்கு 22 வயது. பெண்கள் சைக்கிளையும் எழுத்தையும் சேர்த்தே பழகிய காலம் அது. எங்கள் தெருவிளக்கின் கீழ் நான் நடத்திய வகுப்பில் என் பெரியம்மா பட்டம்மாளும் இருந்தார். பென்சிலைக் களைக்கொத்துபோல் முழுக் கையால் பற்றுவார். ஒன்பது இரவுகளில் தம் பெயரை எழுதிவிட்டார். எழுதினார் என்பதைவிட, கோலம்போல் வரைந்தார் என்பதே சரி. கடைசி 'ள்'ளைச் சிக்குக் கோலத்தின் சுழியைப்போல இழுத்து முடிப்பார். அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சியில் நான் மயங்கி, அத்தோடு நிறுத்திவிட்டேன். 1992இல் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டபோது, அவரையும் எழுத்தறிந்தவர் என்று ஏட்டில் குறித்து வைத்திருந்தவன் நான்.

மறு ஆண்டு, வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவர் நீட்டிய தாளில் பெரியம்மா பெருமையோடு கையெழுத்துப் போட்டார். வாங்கிய தொகையைப்போல் இரண்டு மடங்கு அதில் எழுதியிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் அவர் அழுதபோது, "கைநாட்டா வைத்தாய்? கையெழுத்துத்தானே போட்டிருக்கிறாய், படிக்காமலா போட்டாய்?" என்று கேட்டார்கள். கைநாட்டு வைப்பவருக்கு எழுதியதைப் படித்துக் காட்டினீர்களா என்றாவது யாரேனும் கேட்பார்கள். கையெழுத்துப் போட்டவருக்காக ஒருவரும் கேட்பதில்லை. பெரியம்மா கறவை மாட்டை விற்றார். அந்தக் கையெழுத்தைக் கற்றுக்கொடுத்தவன் நான், தம்பி!

பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவரைத்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் எழுத்தறிந்தவர் என்கிறது. எனவே, வாசிக்கத் தெரியாதவருக்குக் கையெழுத்தை மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்புவது அவரிடம் இருந்த தற்காப்பைப் பறிப்பதாகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெயரிலிருந்து தொடங்குவதில் தவறில்லை, பெயரோடு நின்றுவிடுவதே தவறு. பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் ஆங்கிகோஸ் என்ற ஊரின் தொழிலாளர்களுக்கு அவர்கள் நாள்தோறும் புழங்கும் சொற்களையே அசை அசையாகப் பிரித்துக் காட்டித்தான் எழுத்தைக் கற்பித்தார். பட்டம்மாள் என்ற ஒரு பெயரைப் பிரித்திருந்தால் படம், பட்டம், மாடம் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன; 'ப'வுக்குக் கால் வாங்கியிருந்தால் பாடமும், கடைசி 'ட'வுக்குக் கால் வாங்கியிருந்தால் பட்டாவும் வந்திருக்கும்.

மாடு போன பிறகு நாங்கள் மறுபடியும் உட்கார்ந்து அப்படித்தான் பிரித்தோம். சில வாரங்கள் கழித்து, பேருந்து நிலையத்தில் பட்டுக்கோட்டை வண்டியின் பலகைக்கு முன்னால் பெரியம்மா நின்றுவிட்டார்.

"ஏப்பா, இது என் பேரு மாதிரியே ஆரம்பிக்குது. ஆனா மூணாவது எழுத்து அடியில வளைஞ்சிருக்கே, அது என்ன?"