ஔலி பேக்கேஜுக்கு பணம் கட்டியாச்சு, அங்க ரோப்வேயும் இல்ல, பாப்பாவுக்கு ஸ்கீ க்ளாஸும் இல்ல: பணம் திரும்ப வருமா?

கேள்வி: நாங்க கொடுங்கையூர். பொண்ணுக்கு நாலரை வயசு, எல்கேஜி படிக்கிறா, ஸ்னோ பாக்கணும்னு ஒரே பிடிவாதம். தண்டையார்பேட்டைல ஒரு டிராவல்ஸ்ல உத்தராகண்ட்ல இருக்கற ஔலிக்கு ஜனவரி கடைசில பேக்கேஜ் போட்டோம், மூணு பேருக்கு 1,48,000 ரூபா. 60,000 ஜிபே, மிச்சம் கிரெடிட் கார்டு. ரோப்வே ரைடு, குழந்தைக்கு ஸ்கீ டிரெய்னிங் எல்லாம் சேர்த்துதான்னு வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தாங்க. இப்ப நானே அங்க போன் போட்டு விசாரிச்சா ரோப்வே ஓடலன்றாங்க, இவ்ளோ சின்ன குழந்தைக்கு க்ளாஸ் எடுக்க மாட்டோம், கால் சைஸுக்கு பூட்ஸும் இல்லன்றாங்க. டிராவல்ஸ்ல கேட்டா "அங்க போய் பாத்துக்கலாம் மேடம், கேன்சல் பண்ணா ஒத்த பைசா வராது, வேணும்னா கிரெடிட் நோட் தரேன்"ன்றார். எங்க கொழுந்தன் போலீஸ்ல சீட்டிங் கேஸ் குடுங்கன்றார். என்ன செய்யலாம்? வேற எந்த ஊரு குழந்தைக்கு சரிப்படும்னும் தெரிஞ்சா சொல்லுங்க.

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா, கோவத்துல "கேன்சல் பண்ணிடுங்க"ன்னு அவருக்கு மெசேஜ் தட்டிடாதீங்க. நீங்களா கேன்சல் பண்ணா பில்லு பின்னாடி பொடி எழுத்துல இருக்கற பிடித்தம் கண்டிஷன் எல்லாம் உள்ள வந்துடும், அவரும் அதுக்குத்தான் காத்துட்டு இருக்கார். உங்க விஷயம் கேன்சலேஷனே கிடையாது. அவர் சொல்லி வித்தது ஒண்ணு, அங்க இருக்கறது வேற ஒண்ணு. அதனால நீங்க எழுத வேண்டியது இதான்: "நீங்க எழுதிக் குடுத்தபடி ரோப்வேயும் குழந்தைக்கு ஸ்கீ டிரெய்னிங்கும் உண்டுன்னு ஏழு நாளுக்குள்ள எழுத்துல உறுதி பண்ணுங்க, முடியலன்னா முழு பணத்தையும் திருப்புங்க." வாட்ஸ்அப்ல ஒரு தடவை, ஈமெயில்ல ஒரு தடவை, ரிஜிஸ்டர்டு போஸ்ட்ல ஒரு தடவை அனுப்பிடுங்க. வக்கீல் நோட்டீஸ் கட்டாயம் இல்ல, நீங்களே எழுதலாம்.

நீங்க அனுப்புன ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பாத்தேன், ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுச்சு. ஒண்ணு, ரோப்வே. ஜோஷிமட்ல இருந்து ஔலிக்கு போற அந்த ரோப்வேயை 2023 ஜனவரில அங்க நிலம் புதைஞ்சு வீடெல்லாம் விரிசல் விட்டப்பவே நிறுத்திட்டாங்க, நாடு முழுக்க பேப்பர்ல வந்த நியூஸ் அது. டூர் நடத்துறதே தொழிலா வெச்சிருக்கற ஆளு எனக்கு தெரியாதுன்னு சொன்னா எந்த நுகர்வோர் கமிஷனும் ஒத்துக்காது. கார்ல மேல கூட்டிட்டு போறோம்னு அவர் சொல்லலாம், ரோடு இருக்கறது உண்மைதான், ஆனா ரைடுக்கும் சேர்த்துத்தானே காசு வாங்குனார்?

ரெண்டாவதுதான் எனக்கு ரொம்ப புடிச்சது. "கிட்ஸ் ஸ்கீ ஸ்கூல் இன்க்ளூடட், 4 வயசுல இருந்து"ன்னு போட்டு ஒரு போட்டோ அனுப்பியிருக்கார் பாருங்க, ஹெல்மெட் போட்ட வாண்டு ஒண்ணு தானா நகர்ற பெல்ட்டு மேல நிக்குது, அந்த போட்டோவை பெருசாக்கி பின்னாடி இருக்கற போர்டை படிங்க, ஸ்கீஷூலேன்னு ஜெர்மன்ல எழுதியிருக்கு. ஆஸ்திரியா பக்கம் எங்கயோ எடுத்த படம் போல. அங்கெல்லாம் மூணு நாலு வயசு குழந்தைங்களுக்குன்னே தனி வேலி போட்ட சறுக்கு, இந்த பெல்ட்டு, தனி டீச்சர்னு எல்லாம் இருக்கு. அதை காட்டி ஔலியை நம்ம தலையில கட்டியிருக்கார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல தவறான விளம்பரம், முறையற்ற வணிக நடைமுறை, சேவைக் குறைபாடுன்னு மூணுக்கும் தனித்தனியா விளக்கம் இருக்கு, இந்த ஒரே மெசேஜ் மூணுலயும் மாட்டும். அந்த போட்டோவை மட்டும் எந்த காரணத்துக்கும் டெலீட் பண்ணிடாதீங்க, அவர் "டெலீட் ஃபார் எவ்ரிஒன்" போடறதுக்குள்ள சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி ஈமெயில்ல போட்டு வெச்சுக்கோங்க. போனையும் எக்சேஞ்சுல குடுத்துடாதீங்க. எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கு புது சாட்சியச் சட்டத்துல 63வது பிரிவுல ஒரு சர்டிபிகேட் கேக்கறாங்க, கேஸ் போடறப்ப அதையும் சேர்த்துக்கலாம்.

"நோ ரீபண்ட்"னு அவர் பில்லுல அச்சடிச்சிருக்கறது வேதவாக்கு இல்ல. ஒப்பந்தச் சட்டம் 74வது பிரிவுப்படி ஒப்பந்தத்துல என்ன தொகை எழுதியிருந்தாலும் நியாயமான நஷ்டஈட்டுக்கு மேல வெச்சுக்க முடியாது, அது கூட நீங்க ஒப்பந்தத்தை மீறுனாதான். பொய்யான தகவலை நம்பி ஒத்துக்கிட்ட ஒப்பந்தத்தை ரத்து பண்ற உரிமை அதே சட்டத்துல 19வது பிரிவுல உங்களுக்குத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு, ரோப்வே மட்டும்தான் பிரச்சனைன்னா அந்த அளவுக்கு மட்டும் பணம் குறைச்சு குடுன்னு உத்தரவு வரத்தான் சான்ஸ் ஜாஸ்தி. குழந்தைக்காகத்தான் இந்த டிரிப்பேன்னு நீங்க முதல் மெசேஜ்லயே எழுதியிருக்கீங்க, வயசையும் சொல்லியிருக்கீங்க, உங்களை காப்பாத்தப் போறது அந்த மெசேஜ்தான். முழுசா வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், பெரும்பகுதி வரும்னு நம்பி இறங்கலாம்.

எங்க போடறது? பில்லுல "மும்பை ஜூரிஸ்டிக்ஷன் மட்டும்"னு, அதாவது கேஸ்னா மும்பைலதான்னு, இருக்கேன்னு பயப்படாதீங்க, புகார்தாரர் குடியிருக்கற இடத்துலயே போடலாம்னு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 34வது பிரிவுல இருக்கு. உங்களுக்கு சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையம்தான், நீங்க கட்டுன தொகை 5 லட்சத்துக்குள்ள இருக்கறதால கோர்ட் ஃபீஸ் கிடையாது, இ-ஜாக்ரிதின்ற நுகர்வோர் கேஸுக்கான அரசு போர்ட்டல்ல வீட்ல இருந்தே தாக்கல் பண்ணலாம், ரெண்டு வருஷம் டைம் இருக்கு. எதிர்த்தரப்புக்கு பதில் போட 30 நாள், மிஞ்சுனா இன்னும் 15 நாள், அதுக்கு மேல ஒரு நாள் கூட கிடையாதுன்னு 2020ல சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன பெஞ்சே சொல்லிடுச்சு. மூணு மாசத்துல முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு, அதை நம்பி காலண்டர்ல குறிச்சு வெக்காதீங்க.

ஒரு நுணுக்கம். நெட்ல பாத்து "நியாயமற்ற ஒப்பந்தம்"னு தலைப்பு போட்டு மனு எழுதிடாதீங்க, அந்த வகை புகாரை விசாரிக்கற அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான் ஆரம்பிக்குது, மாவட்டத்துல போட்டா அதையே புடிச்சுக்கிட்டு எதிர்த்தரப்பு வக்கீல் நாலு வாய்தா ஓட்டிடுவார். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை, இந்த ரெண்டோட நிறுத்திக்கோங்க. மன உளைச்சலுக்கு பத்து லட்சம் குடுன்னும் எழுதாதீங்க, பாக்கறவங்களுக்கு நம்ம மேலயே நம்பிக்கை போயிடும்.

கேஸுக்கு முன்னாடி ரெண்டு வேலை இருக்கு. 1915க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணுங்க, சில டிராவல்ஸ்காரங்க அதுலயே வழிக்கு வந்துடுவாங்க. கிரெடிட் கார்டுல போன 88,000க்கு, சொன்ன சர்வீஸ் குடுக்கலன்னு பேங்க்ல டிஸ்ப்யூட் போடுங்க, அதுக்கு கெடு உண்டு, நோட்டீஸுக்கு பதில் வரட்டும்னு உக்காந்துடாம உடனே போடுங்க. கொழுந்தன் சொல்ற சீட்டிங் கேஸ் பத்தி, அது இப்ப பாரதிய நியாய சன்ஹிதால 318வது பிரிவு, ஆரம்பத்துல இருந்தே ஏமாத்தற எண்ணம் இருந்துச்சுன்னு காட்டணும், ஸ்டேஷன்ல சிவில் மேட்டர்னு சிஎஸ்ஆர்ன்ற புகார் ரசீது ஒண்ணு போட்டு குடுத்து அனுப்பறதுதான் வழக்கம். இதே ஆளு நாலு குடும்பத்துக்கு இப்படி பண்ணியிருக்கார்னு தெரிய வந்தா அப்ப போகலாம்.

சரி, எந்த ஊரு. நான் டூர் கைடு இல்ல, ஆனா இந்த மாதிரி ஃபைல்கள் வர்றதால கொஞ்சம் தெரியும். ஔலி நல்ல சறுக்குதான், 2011ல தெற்காசிய குளிர்கால விளையாட்டே அங்க நடந்துச்சு. ஆனா சென்னைல இருந்து டேராடூன் வரைக்கும் ஃப்ளைட்ல போய், அங்க இருந்து 250 கிலோமீட்டருக்கு மேல மலை ரோடு, ஒரு முழு பகல் வளைஞ்சு வளைஞ்சு போகணும், நாலரை வயசு குழந்தை எத்தன தடவ வாந்தி எடுக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. குல்மார்க் ஸ்ரீநகர்ல இருந்து 50 கிலோமீட்டர்தான், பழகறவங்களுக்கான தாழ்வான சறுக்கு ஓட்டல்ங்க பக்கத்துலயே இருக்கு, குளிருதுன்னு அழுதா அஞ்சு நிமிஷத்துல ரூமுக்கு தூக்கிட்டு வந்துடலாம், குழந்தையோட போறவங்களுக்கு இதான் பெரிய விஷயம். என் ஓட்டு குல்மார்க்குக்கு. சின்னக் குழந்தைன்னா மணாலில தங்கி சோலங் போய்ட்டு வர்றதும் சரிதான், மணாலி சுமார் 2,000 மீட்டர், ராத்திரி தூங்கறது கீழ, பக்கத்துலயே ஆஸ்பத்திரி, கடைகண்ணி எல்லாம் உண்டு.

குல்மார்க் 2,650 மீட்டர். ஊட்டியே 2,240தான்ற கணக்குல பாத்துக்கோங்க. அங்க கொண்டோலான்ற கேபிள் கார்ல ரெண்டாவது கட்டம் அபர்வாட் வரைக்கும் 3,900 மீட்டருக்கு மேல போகுது, டிக்கெட் இருக்கு ஜாலின்னு குழந்தையை அங்க கூட்டிட்டு போகாதீங்க, உயரத்துல தலைவலி வந்தா பெரியவங்க சொல்லிடுவோம், நாலரை வயசு சும்மா அழும், நாம குளிர்னு நெனச்சுப்போம். முதல் நாள் ரெஸ்ட், முதல் கட்டம் போதும். போறதுக்கு முன்னாடி குழந்தை டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

ஸ்னோ இருக்குமான்றது யார் கையிலயும் இல்ல. 2024 ஜனவரில குல்மார்க்கே கடைசி வாரம் வரைக்கும் காஞ்சு கிடந்துச்சு, 2025ல ஸ்னோ பத்தலன்னு கேலோ இந்தியா குளிர்கால போட்டியை பிப்ரவரில இருந்து மார்ச்சுக்கு தள்ளி வெச்சாங்க. அதனால ஸ்னோ விழலன்னு டிராவல்ஸ் மேல கேஸ் போட முடியாது, அவரே "ஸ்னோ கேரண்டி"ன்னு எழுதிக் குடுத்திருந்தா ஒழிய. யாராவது அப்படி எழுதித் தந்தா வாங்கி பத்திரமா வெச்சுக்கோங்க, ஹாஹா.

அடுத்த தடவை காசு கட்டறதுக்கு முன்னாடி எழுத்துல வாங்க வேண்டியது: குழந்தையோட வயசு, உயரம், பூட்ஸ் சைஸ் எல்லாம் குறிப்பிட்டு க்ளாஸ் உண்டா, ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம், ஹெல்மெட் தருவாங்களா, ஸ்னோ ஜாஸ்தியானா குல்மார்க்குக்கு கீழ இருக்கற டங்மார்க்ல வண்டிய நிறுத்திட்டு செயின் போட்ட வண்டி மாத்தணும், அந்த காசு யார் குடுக்கறது. அங்க சொல்லித்தர்றவங்க பெரும்பாலும் ஹிந்தி, உருதுதான், "ருகோ ருகோ"ன்னு கத்துவார், நம்ம எல்கேஜிக்கு நில்லுன்னாதான் தெரியும், அதனால நீங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் கூடவே நிக்கலாம்னு அவங்க ஒத்துக்கிட்டா மட்டும் சேருங்க. ஸ்பாட்ல ஒரு ஃபார்ம் நீட்டுவாங்க, அடிபட்டா நாங்க பொறுப்பில்லன்னு. கையெழுத்து போட வேண்டி வரும், போட்டாலும் அவங்க அலட்சியத்தால குழந்தைக்கு அடிபட்டா அந்த காகிதம் மட்டும் அவங்கள முழுசா காப்பாத்தாது, அந்த ஃபார்மை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கறப்போ விலக்கு பக்கத்தை படிங்க, நெறைய பாலிசில சாகச விளையாட்டு வராது, ஸ்கீயிங் அதுலதான் போய் உக்காரும்.

இதே ஆளு "ஔலி வேணாம் மேடம், குல்மார்க் மாத்தித் தரேன்"னு இறங்கி வந்தா என்ன பண்றதுன்னு அடுத்து கேப்பீங்க. வரலாம், அதுல தப்பில்ல. ஆனா கிரெடிட் நோட்டா வாங்காதீங்க, அதை வாங்கிட்டா செட்டில் ஆயிடுச்சுன்னு வாதாடுவார். பழைய பேக்கேஜுக்கு கட்டுன தொகை பூரா புது பேக்கேஜுல வரவு வெச்சாச்சு, மேல சொன்னதுல எது ஒண்ணு நடக்கலன்னாலும் பணமாவே திருப்புவேன்னு லெட்டர்பேடுல எழுதி சீல் வெச்சு தரச் சொல்லுங்க. அதுக்கு தயங்குனார்னா நேரா போர்ட்டல்ல தாக்கல் பண்ணிடுங்க.