சட்டம் கேளுங்கள்: கை கட்டி நின்றாலும் கேஸ் வருமா?

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தில் ஒருவர் மூழ்கியபோது நீச்சல் தெரிந்த நாலு பேர் கரையில் நின்றார்கள். ஒருவர் செல்போனில் படம்கூட எடுத்தார். யாரும் இறங்கவில்லை. இவர்கள்மேல் கேஸ் போட முடியாதா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: கேட்கவே வயிறு எரிகிறது. ஆனாலும், வேடிக்கை பார்த்த வழிப்போக்கர்கள்மேல் மரணத்துக்கான வழக்கு நிற்காது. குற்றம் என்றால் எண்ணமோ அலட்சியமோ மட்டும் போதாது. ஒரு செயல் வேண்டும். செய்யாமல் விட்டதும் செயலாகக் கணக்காகும், ஆனால் அது சட்டவிரோதமாக விட்டதாக இருக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 3(4). எது சட்டவிரோதம்? 2(15) மூன்றைச் சொல்கிறது: குற்றமாக உள்ளது, சட்டம் தடுத்தது, சிவில் வழக்குக்கு இடம் தருவது. மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. அதே கரையில் சம்பளம் வாங்கும் நீச்சல் பயிற்சியாளர் நின்று, மூழ்கியவர் அவரிடம் பயில வந்தவர் என்றால், ஒப்பந்தப்படி காப்பாற்றும் கடமை அவருக்கு உண்டு. அதை மீறினால் சிவில் வழக்குக்கு இடம், அதனாலேயே அது சட்டவிரோதம். அவர் மாட்டுவார். அப்போதும், அவர் இறங்கியிருந்தால் ஆள் பிழைத்திருப்பார் என்று போலீஸ் நிரூபிக்க வேண்டும். கேஸ் சுலபமாகக் கவிழும் இடம் அது. விளையாட்டாகத் தண்ணீரில் தள்ளிவிட்டவர் விஷயம் வேறு. தள்ளியதே செயல்தானே!

1837-ல் மெக்காலே தலைமையில் இந்திய தண்டனைச் சட்டத்துக்கு வரைவு எழுதியவர்கள் இதை அன்றே யோசித்தார்கள். அவர்கள் தந்த உதாரணம்: கல்கத்தா மருத்துவர் ஒருவர் மீரட் போய் அறுவை செய்ய மறுக்கிறார். இந்தியாவிலேயே அவரால்தான் முடியும். நோயாளி இறந்தாலும் அவர் கொலைகாரர் இல்லை என்றார்கள். எனக்கும் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் கோடு அங்கேதான். வீட்டுக்குள் கதை மாறும். மனைவியைத் திட்டமிட்டுப் பட்டினி போட்ட கணவர் செய்தது கொலை முயற்சி என்று 1961-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பெண் உயிர் பிழைத்தும்கூட.

கேள்வி: தண்ணீர் வராத போர்வெல் மேல் சாக்கைப் போட்டு வைத்திருக்கிறேன். என் நிலம், என் குழி. ஏதாவது நடந்தால் நான் என்ன செய்தேன் என்று கேஸ்? (வாசகர், மணப்பாறை)

பதில்: மூடாமல் விட்டீர்களே, அதற்குத்தான். குழந்தை விழுந்து இறந்தால் 106(1)-ன்படி 5 ஆண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ-வில் 2 ஆண்டுதான். யாரும் விழாவிட்டாலும், உயிருக்கு ஆபத்து உண்டாக்கியதாக 125-ன்படி 3 மாதம் வரை போகலாம். ‘யாரும் சொல்லவில்லையே’ என்பதும் எடுபடாது. 2010-லேயே உச்ச நீதிமன்றம் விதிமுறை கொடுத்துவிட்டது.

கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும். பெரிய கல்லை முதலில் கொட்டினால் பாதியில் சிக்கிக்கொள்ளும். மேலே நிரம்பியதுபோல் தெரியும், மழைக்குப் பிறகு சரசரவென்று இறங்கும். மணலும் சிறு கல்லுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், இறங்கியதும் மீண்டும் நிரப்புங்கள். நிரப்பியதற்குச் சான்றும் வாங்கி வையுங்கள். ஓடுகிற போர் என்றால் கேசிங் பைப் வாயில் இரும்புத் தகட்டை வெல்டிங் வைக்க வேண்டும் அல்லது போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பைப்பைச் சுற்றி 0.50 மீட்டருக்கு 0.50 மீட்டர் கான்கிரீட் மேடை, தரைக்கு மேல் 0.30, கீழே 0.30. ரிப்பேருக்கு மோட்டாரை ஏற்றும்போதும் வாயைத் திறந்து போடக் கூடாது. சாக்கு வெயிலில் மக்கிப்போகும். அதன்மேல் புல் முளைத்தால் குழி இருப்பதே தெரியாது. திறந்த குழியைவிட அது மோசம்.

கேள்வி: ஒருவனை வெட்ட நினைத்து அரிவாள் வாங்கியவன் மனம் மாறினால்? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: கொலை முயற்சி ஆகாது, அது வெறும் தயாரிப்பு. ஆனால் இன்னொருவனும் ‘சரி, வெட்டுவோம்’ என்று ஒத்துக்கொண்டிருந்தால், ஒத்துக்கொண்டதே 61-ன்படி சதிக் குற்றம். கூட்டுக்கொள்ளையில் சட்டம் இன்னும் கறார்: தயாரிப்புக்கே 310(4)-ல் 10 ஆண்டு வரை உண்டு.