மல்லிகைப் பெட்டிக்கு எந்தச் சொல்?

வணக்கம். மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் மல்லிகைப் பெட்டியில் ‘ஸ்மெல்’ என்று போடுவதா, ‘ஃபிராகிரன்ஸ்’ என்று போடுவதா எனக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து ‘ஸ்மெல்’ வேண்டாம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு அந்தச் சொல் பொருந்தாது.

‘ஸ்மெல்’ மல்லிகைக்கும் வரும், சாக்கடைக்கும் வரும். அடைமொழி இல்லாமல் தனியாக நின்றால் பெரும்பாலும் கெட்ட வாடையாகவே தொனிக்கும். ஒருவரிடம் ‘யூ ஸ்மெல்’ என்று மட்டும் சொன்னால் அது வசை. நம் ‘நாற்றம்’ நினைவுக்கு வருகிறதா? பழந்தமிழில் அது நறுமணத்தையும் குறித்தது. இன்று பூக்காரரிடம் அப்படிச் சொல்ல முடியுமா? ஆங்கிலச் சொல் அந்த அளவுக்கு இன்னும் தாழவில்லை, அவ்வளவுதான்.

‘ஃபிராகிரன்ஸ்’ இனிய மணத்துக்கு மட்டுமே உரியது. ஆனால் ஓர் எச்சரிக்கை: சோப்பு உறைகளின் சேர்மானப் பட்டியலில் இதே சொல் தனியாகச் சேர்த்த வாசனைப் பொருளைக் குறிக்கும். வாங்குபவர் உங்கள் பூவில் சென்ட் தெளித்ததாக நினைத்துவிடக் கூடாது. அதனால் ‘ஃபிராகிரன்ட் ஜாஸ்மின் பட்ஸ்’ என்று அடைமொழியாக எழுதுங்கள். மணம் மொட்டுக்கே உரியதாகிவிடும்.

வினைச்சொல் வேண்டுமென்றால் ‘ஸ்மெல்ஸ் ஸ்வீட்’ என எழுதலாம்; ‘ஸ்வீட்’ துணைக்கு நிற்பதால் தவறில்லை.