நினோச்காவின் தொப்பி – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய ஹாலிவுட் நகைச்சுவைப் படங்களைப் பற்றிய உங்கள் குறிப்பில் 1939இல் வெளிவந்த ‘நினோச்கா’வை மிகவும் உயர்த்திச் சொல்லியிருந்தீர்கள். அதை நம்பி அப்பாவுடன் உட்கார்ந்து பார்த்தேன். அப்பா பஞ்சாலைத் தொழிற்சங்கத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் பொறுப்பில் இருந்தவர். உணவகத்தில் எல்லோரும் சிரிக்கும் காட்சி முடிந்ததும், “இனிமே என்ன வரும்னு தெரியும்மா” என்று சொல்லி எழுந்து போய்விட்டார். நான் முழுதும் பார்த்தேன். சோவியத் அரசின் பிரதிநிதியாகப் பாரிசுக்கு வருபவள், ஈபிள் கோபுரத்தைக்கூடப் பொறியாளரின் கண்ணோடு பார்ப்பவள், ஒரு தொப்பிக்கும் நாலு கோப்பை ஷாம்பெயினுக்கும் மசிந்துவிடுகிறாள். பொதுவுடைமையாளர்களுக்குச் சிரிக்கத் தெரியாது, அதைக் கற்றுக்கொடுக்க வேலைவெட்டி இல்லாத ஒரு பிரபு வரவேண்டும் என்பதுதானே இதன் சாரம்? இது பிரச்சாரம் இல்லையென்றால் வேறு எது?

வசந்தி

அன்புள்ள வசந்தி,

உங்கள் அப்பா எழுந்து போன இடத்திலிருந்தே தொடங்குகிறேன். தொழிலாளர்கள் சாப்பிடும் எளிய உணவகம் அது. நினோச்காவைப் பின்தொடர்ந்து வந்த லியோன் பிரபு, அவளைச் சிரிக்க வைப்பதற்காக ஒன்றன்பின் ஒன்றாக நகைச்சுவைத் துணுக்குகளைச் சொல்கிறான். கிரீம் இல்லாத காப்பி கேட்டவனிடம், கிரீம் தீர்ந்துவிட்டது, பால் இல்லாத காப்பி தரட்டுமா என்று பணியாள் கேட்ட துணுக்கை இரண்டு முறை சொல்லிப் பார்த்தும் அவள் முகத்தில் அசைவில்லை. எரிச்சலோடு அவன் சாய்ந்து உட்கார, நாற்காலியும் மேசையும் அவனோடு சேர்ந்து சரிகின்றன. உணவகம் முழுவதும் வெடித்துச் சிரிக்கிறது. அவளும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாள். “இதில் என்ன வேடிக்கை?” என்று கோபித்துக்கொள்பவன் அவன்தான். அவன் கற்றுக்கொடுத்த எதற்கும் அவள் சிரிக்கவில்லை. ஒரு பிரபு தரையில் விழுந்ததற்குத்தான், சுற்றியிருந்த தொழிலாளர்களோடு சேர்ந்து சிரிக்கிறாள். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்க அங்கே கற்றுக்கொள்வது லியோன்தான். நினோச்காவாக நடித்த கிரேட்டா கார்போவை வைத்து, ‘கார்போ சிரிக்கிறார்’ என்று படத்தைத் தயாரித்த எம்ஜிஎம் நிறுவனம் செய்த விளம்பரத்தை மறந்துவிட்டு அந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள்.

தொப்பியைப் பற்றிய உங்கள் மனத்தாங்கலில் பாதி நியாயம் இருக்கிறது. அந்த யோசனை, எழுத்தாளர்களோடு திரைக்கதையைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தபோது கழிப்பறைக்குப் போய்த் திரும்பிய இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ஷுக்குத் தோன்றியதாக, திரைக்கதையாசிரியர் மூவரில் ஒருவரான பில்லி வைல்டர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். விடுதியின் கடைக் கண்ணாடிக்குள் அந்தக் கோமாளித்தனமான தொப்பியை முதலில் பார்க்கும்போது, இப்படி ஒன்றைப் பெண்கள் தலையில் வைக்க விடும் நாகரிகம் நெடுநாள் தாங்காது என்கிறாள் நினோச்கா. பிறகு ஒருநாள் தோழர்களை வெளியே அனுப்பிவிட்டு, அறைக் கதவைத் தாழிட்டு, அடி இழுப்பறையிலிருந்து அதை வெளியே எடுக்கிறாள். வாங்கியதை லூபிட்ஷ் காட்டவே இல்லை. கண்ணாடி முன் அமர்ந்து அதைத் தலையில் வைத்துப் பார்க்கும்போது கார்போவின் முகத்தில் இருப்பதை மகிழ்ச்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை. திகைப்பு என்பதே பொருந்தும். ஆனாலும் ஒரு பெண்ணின் மனமாற்றத்துக்கு அடையாளமாகத் தொப்பியைத் தேர்ந்ததில் அந்தக் காலத்து ஹாலிவுட்டின் அசட்டுத்தனம் இருக்கிறது. அதை மறுக்கப் போவதில்லை.

ஆனால் அவள் மசிந்துவிட்டாள் என்று நீங்கள் சொல்வதை ஏற்க முடியாது. அவள் பாரிசுக்கு வந்ததே, புரட்சியின்போது கோமகள் ஸ்வானாவிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட நகைகளை விற்று நாட்டுக்குப் பணம் சேர்க்கத்தான். விடுதி அறையின் ஒருநாள் வாடகை ஒரு பசுவின் விலை என்று கேட்டதும், ஒரு வாரம் தங்கினால் ரஷ்ய மக்களுக்கு ஏழு பசுக்கள் நஷ்டம் என்று கணக்குப் போடுகிறவள் அவள். ஷாம்பெயின் இரவுக்கு மறுநாள், நகைகளைக் கைப்பற்றிக்கொண்ட ஸ்வானா வந்து பேரம் பேசுகிறாள்: நீ அடுத்த விமானத்தில் லியோனை விட்டுப் போனால், நகைகளுக்காகப் போட்ட வழக்கைக் கைவிட்டு அவற்றைத் தருகிறேன் என்கிறாள். அவை எந்நாளும் உங்களுடையவை அல்ல, ரஷ்ய மக்கள் ரத்தத்தாலும் உயிராலும் விலை கொடுத்தவை என்று நினோச்கா திருப்பிச் சொல்லும்போது படம் முழுக்க அவள் பக்கம் நிற்கிறது. வழக்கு நீடித்தால் தன் மக்கள் பட்டினி கிடக்க நேரும் என்று அவளுக்குத் தெரியும். காதலனிடம் சொல்லாமலேயே மாஸ்கோவுக்கு விமானம் ஏறுகிறாள். தலையில் அந்தத் தொப்பி ஏறியதற்குப் பிறகு அவள் எடுக்கும் முடிவு இது. உங்கள் அப்பா பார்க்காமல் போனதும் இதைத்தான்.

பிரச்சாரமா என்ற கேள்விக்கு, எடுத்தவர்கள் யார் என்று பார்ப்பது உதவும். லூபிட்ஷ் பெர்லினில் பிறந்த யூதர். வைல்டர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பெர்லினிலிருந்து வெளியேறியவர். முதலில் பாரிசுக்கு வரும் மூன்று அசட்டுத் தோழர்களில் ஒருவனான கோபால்ஸ்கியாக நடித்த அலெக்சாண்டர் கிரானாக்கின் கதை இன்னும் நெருக்கமானது. நாஜிகளிடமிருந்து தப்பி சோவியத் நாட்டில் தஞ்சம் புகுந்த அவரை, 1937இல் கியேவில் ஸ்டாலினின் காவலர்கள் கைது செய்தார்கள். எழுத்தாளர் லியோன் ஃபாய்க்ட்வாங்கர் தலையிட்டதால் உயிர் பிழைத்து, 1938இல் அமெரிக்கா வந்தார். பாரிஸ் ரயில் நிலையத்தில் வந்திறங்கியதும், ஸ்டாலின் பலரைக் கொன்று தீர்த்த மாஸ்கோ விசாரணைகளைக் குறித்து, சமீபத்திய வழக்குகள் பெரும் வெற்றி, இனி ரஷ்யர்கள் குறைவாக ஆனால் தரமானவர்களாக இருப்பார்கள் என்று நினோச்கா உணர்ச்சியின்றிச் சொல்கிறாளே, அந்த வசனத்தை எதிரே நின்று கேட்கும் மூவரில் அவரும் ஒருவர். அதே ரயில் நிலையக் காட்சியில், வரப்போகும் தோழர் யாரென்று தெரியாமல் தாடிக்காரர் ஒருவரைப் பின்தொடர்கிறார்கள் மூவரும். அவரோ ஒரு பெண்ணிடம் கையுயர்த்தி “ஹெயில் ஹிட்லர்” என்கிறார். இவர் நிச்சயம் இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். படம் எடுத்து முடித்தபின், அந்த ஆகஸ்ட் 23 அன்று ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதை அறிந்தபின் அரங்கில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வேடிக்கை எப்படிக் கேட்டிருக்கும்!

இதையெல்லாம் அனுபவித்தவர்களின் கை சேர்ந்த படம் என்பதால்தான், நினோச்கா போதையில் உலக மக்களுக்கு ஆற்றும் உரை எனக்கு முக்கியமாகப் படுகிறது. புரட்சி வந்துகொண்டிருக்கிறது, போர்கள் வரும், குண்டுகள் விழும், நாகரிகமே நொறுங்கும், எல்லாம் தெரியும், ஆனால் இப்போதே வேண்டாம், என்ன அவசரம், எங்களுக்கான இந்த ஒரு கணத்தைக் கொடுங்கள் என்கிறாள். அவள் தன் நம்பிக்கையைக் கைவிடவில்லை, அவகாசம் கேட்கிறாள். 1939ஆம் ஆண்டுக் கோடையில், அந்த ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்களும் சேர்ந்து எழுதிய வரி அது. செப்டம்பரில் போர் தொடங்கிவிட்டது.

பிரச்சாரமாக அது பயன்பட்டதும் உண்மைதான். 1948 இத்தாலியத் தேர்தலின்போது இடதுசாரிகளுக்கு எதிரான ஆயுதமாக இந்தப் படத்தை ஊர் ஊராகத் திரையிட்டார்கள். லியோனாக நடித்த மெல்வின் டக்ளஸின் மனைவி ஹெலன் கஹாகன் டக்ளஸ், 1950இல் கலிபோர்னியாவில் செனட் தேர்தலில் நின்றபோது, எதிர்த்து நின்ற ரிச்சர்ட் நிக்சன் அவரைப் பொதுவுடைமை ஆதரவாளர் என்று சிவப்புச் சாயம் பூசித் தோற்கடித்தார். பொதுவுடைமைக்கு எதிரான படத்தின் நாயகன் வீட்டுக்குக் கிடைத்த வெகுமதி அது.

அவள் திரும்பிப் போன பிறகு வரும் மாஸ்கோ பகுதி தட்டையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆளுக்கொரு முட்டை கொண்டுவந்து ஆம்லெட் போடும் காட்சியையும், தணிக்கையில் வரிகள் முழுக்கக் கறுப்படிக்கப்பட்டு வரும் லியோனின் காதல் கடிதத்தையும் தவிர அங்கே ஏதுமில்லை. முடிவும் அவசரமானது. இருந்தாலும் உங்கள் அப்பாவைக் கடைசி ஒரு நிமிடம் மட்டும் அழைத்து உட்கார வையுங்கள். தோழர்கள் மூவரும் கான்ஸ்டாண்டிநோபிளில் கூட்டாக உணவகம் தொடங்கிவிட்டார்கள். காதலர்கள் சேர்ந்தாயிற்று, படம் முடிந்தது என்று நாம் நினைக்கும்போது, மற்ற இரு பங்காளிகளும் தனக்கு அநியாயம் செய்வதாக எழுதிய பலகையைச் சுமந்துகொண்டு, சொந்தக் கடையின் வாசலிலேயே தன்னந்தனியாக மறியல் செய்துகொண்டிருக்கிறான் கோபால்ஸ்கி.